மீன் தொட்டிக்கு எந்தக் குழாய்?

செடி வைத்த மீன் தொட்டி விற்கிறவன் மீனைப் பற்றி அரைகுறையாகத் தெரிந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம். தண்ணீரைப் பற்றித் தெரியாவிட்டால் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். வீட்டில் தொட்டி வைத்துவிட்டு முழிக்கும் சக பாவிகளே, கேளுங்கள்.

நல்லூரில் நான் கடை திறந்த புதிதில், பனியன் கம்பெனி நடத்தும் பாய் ஒருவர் வந்தார். ஆபீசில் பெரிய தொட்டி வைக்க ஆசை. "முதல்ல உங்க கடைத் தொட்டில செடி பச்சையா நிக்கட்டுங்க, அப்புறம் ஆர்டர் தர்றேன்" என்றார். எனக்கு அதுதான் முதல் பெரிய ஆர்டர். விட்டால் கடையே எழாது என்று பயந்தேன்.

போர் தண்ணீர்

கடையில் இருந்தது போர் குழாய் ஒன்றுதான். அதையே பிடித்து ஊற்றினேன். சில நாளில் கண்ணாடியில் வெள்ளைக் கோடு, இலையெல்லாம் வெள்ளைப் படிவு. துடைக்கத் துடைக்க வந்தது. எட்டிப் பார்த்த பாய் கேட்டார்: "ஏனுங்க, செடிக்கும் சுண்ணாம்பு அடிச்சீங்களா?"

பட்டறைத் தண்ணீர்

பக்கத்துத் தெருவில் ஒரு டையிங் மாஸ்டர். சாயம் ஏற்றுவதற்காகப் பட்டறையில் மெஷின் வைத்துச் சுண்ணாம்பு நீக்கிய தண்ணீரை ஆசையாக அனுப்பிவைத்தார். ஊர்த் துணிக்கெல்லாம் கலர் ஏற்றுகிறவர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்? அந்த மெஷின் சுண்ணாம்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உப்பைச் சேர்க்கும் என்பது எனக்குத் தெரியாது, அவரும் சொல்லவில்லை. இலைகள் கூழாகிவிட்டன. பார்க்க வந்த மாஸ்டர் என்னைவிடக் குழம்பிப்போனார்: "இதே தண்ணில துணிக்குக் கலர் அப்படியே நிக்குதுங்க, செடிக்கு மட்டும் எப்படிங்க போச்சு?"

கேன் தண்ணீர்

சுத்தமான தண்ணீர்தானே வேண்டும் என்று ஆர்.ஓ. கேன்களை வாங்கி வாங்கிக் கவிழ்த்தேன். அதில் செடிக்கு வேண்டிய சத்தும் இல்லை போலிருக்கிறது. புதுத் தளிர் வெளுத்துச் சுருண்டது. சுத்தம் கூடினாலும் தப்பு என்றால் மனிதன் என்னதான் செய்வான்? கேன் போடுகிற அண்ணன் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்க, இத்தனை தண்ணி குடிக்கிறீங்களே, ஒருக்கா சுகர் டெஸ்ட் எடுத்துப் பாருங்க."

ஆற்றுத் தண்ணீர்

மிச்சம் இருந்தது ஆற்றிலிருந்து வீட்டுக் குழாய்க்கு வரும் கார்ப்பரேஷன் தண்ணீர். அது எப்போதாவதுதான் வரும், வீட்டுக்கே பற்றாது. மனைவியிடம் கெஞ்சி ஒரு டிரம் வாங்கி, குளோரின் மருந்து வாடை போகும்வரை திறந்து வைத்து ஊற்றினேன். செடி துளிர்த்தது, பச்சை பிடித்தது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

பாயை அழைத்தேன். தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "அருமைங்க! ஆர்டர் உங்களுக்குத்தான். எங்க கம்பெனில ஆத்துத் தண்ணி லைன் கெடையாது, போர் தண்ணிதானுங்க. பரவாயில்லீங்களா?"

அன்றிலிருந்து கடைக்கு வருகிறவரிடம் என்ன மீன் வேண்டும் என்று நான் கேட்பதில்லை, உங்கள் வீட்டில் என்னென்ன குழாய் இருக்கிறது என்றுதான் கேட்கிறேன்.