அவனை நாங்க துரத்தலீங்க

இன்னைக்கு விழுப்புரத்துல பஸ் ஏறி திண்டிவனம் போய்க்கினு இருந்தேன். பக்கத்து சீட்டுல ஒரு காலேஜ் பொண்ணு போன்ல பேட்டி பார்த்துக்கினு இருந்தா. குரலைக் கேட்டதுமே போனை எட்டிப் பார்த்தேன். எங்க குமரன்!

இப்போ ஊரே கொண்டாடுற ராக் கிட்டாரிஸ்ட். அவன் முதல்ல வாசிச்சது திண்டிவனத்துல நாங்க நாலு பேரு வச்சிருந்த பேண்டுலதான். நான் டிரம்ஸ். வானூர், காணைன்னு திருவிழாவுக்கெல்லாம் போய் வாசிச்சோம்.

அவன் பேர் வாங்கினதுலருந்து நெட்டுல ஒரே கதை: "பொறாமை புடிச்சவனுங்க அவனை பேண்டை விட்டுத் துரத்திட்டானுங்க."

யார் கெளப்பி விட்டாங்களோ தெரியல. என் பொண்ணுகிட்டயே ஸ்கூல்ல கேட்டிருக்காங்க, "உங்கப்பாதான் துரத்தினாராமே?"ன்னு. நாங்களே மறுத்தா யார் நம்புவாங்க?

பேட்டி எடுத்தவரும் அதையேதான் கேட்டார். நான் மூச்சைப் புடிச்சிக்கினு உக்காந்திருந்தேன்.

குமரன் சிரிச்சான். "துரத்தவெல்லாம் இல்லீங்க. சென்னையில சான்ஸ் வந்துச்சு, எனக்குத்தான் விட்டுப் போக மனசில்ல. டிரம்மர் மணி அண்ணன்தான் 'ஜல்தியா கெளம்புடா, இங்க நாங்க பார்த்துக்கறோம்'னு பஸ் ஏத்தி விட்டாரு."

என் கண்ணு கலங்கிடுச்சு. அந்தப் பொண்ணு பதறிட்டா. "என்னாச்சு அங்கிள்?"

"அந்த மணி நான்தாம்மா."

என்னையும் போனையும் மாத்தி மாத்திப் பார்த்தா. "சாரி அங்கிள். உங்களைத் திட்டி நானும் கமெண்ட் போட்டிருக்கேன்."

ரெண்டு பேரும் சிரிச்சிட்டோம்.

இங்கயும் யாராவது திட்டியிருந்தா இப்பவே கீழ சொல்லிடுங்க. இன்னைக்கு யார் மேலயும் கோவமே வர மாட்டேங்குது.