தம்பிக்காகப் பேசியவள்

சலவைக்கடையில் அவளுக்கு 'வக்கீலம்மா' என்று பெயர். படித்தது எட்டாம் வகுப்பு. வாதாடியது ஒரே கட்சிக்காரனுக்காக. அவன் அவளுடைய தம்பி. தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபின், நாளெல்லாம் பிறர் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டு அவனை ஆளாக்கினாள்.

சிறுவயதில் அவனுக்குத் திக்குவாய். முதல் எழுத்திலேயே தாடை இறுகி, கண் கலங்கிவிடும். ஆகவே யார் எதைக் கேட்டாலும் அவளே முந்திக்கொண்டு விடை சொன்னாள்.

"வயித்துவலி அவனுக்கா, உனக்காம்மா?" என்று மருத்துவர் ஒருமுறை சலித்துக்கொண்டார்.

"அவனுக்குத்தான் சார். தொப்புளுக்கு இடது பக்கமா குத்துது."

பயிற்சியால் திக்கு நீங்கியது. மருந்து நிறுவனமொன்றில் விற்பனைப் பிரதிநிதியாகி, வாய்ச்சொல்லையே பிழைப்பாக்கிக்கொண்டான். அவளுடைய பழக்கம் மட்டும் நீங்கவில்லை. அவனும் தடுக்கவில்லை; சங்கடமான கேள்விகளுக்கு அது வசதியாக இருந்தது.

அவனுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. புது வீடும் பார்த்தாயிற்று. அங்கே அடுக்களையை ஒட்டிய சிற்றறை தனக்குத்தான் என்று அவள் எண்ணியிருந்தாள். அதன் சன்னலுக்குத் திரைகூடத் தைத்துவிட்டாள். அவன் வாய்திறந்து அழைக்கவில்லை. கூடப்பிறந்தவளை எதற்கு அழைக்கவேண்டும்?

ஒருநாள் பெண்ணின் தந்தை வந்தார். "அக்காவும் புது வீட்டுக்கு வர்றாங்களா, மாப்பிள்ளை?" என்று அவனைத்தான் கேட்டார்.

வழக்கம்போல் அவள் முந்திக்கொண்டாள். "எனக்கெதுக்குங்க? சின்னஞ்சிறுசுங்க தனியா இருக்கட்டும். நான் இங்கேயே இருந்துக்குவேன்."

அது உபசார வார்த்தை. 'அதெல்லாம் முடியாதுக்கா' என்று அவன் மறுப்பான் எனக் காத்திருந்தாள். அவன் பிஸ்கட் தட்டை வந்தவர் பக்கம் நகர்த்தினான்.

"அக்கா ஒண்ணு சொன்னா சொன்னதுதான், மாமா. எடுத்துக்குங்க."

அவர் சென்றபின் கேட்டாள்: "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா."

"நீதானேக்கா வேணாம்னே. அவர் முன்னாடி உன் பேச்சை நான் தட்ட முடியுமா?"

"தட்டியிருக்கலாம்."

"இப்ப அவர் வீட்ல போய்ச் சொல்லியிருப்பாரு. மாத்திப் பேசினா நல்லாவா இருக்கும்?"

நாக்குத் தடுமாறாமல், அடுக்கடுக்காகக் காரணம் சொன்னான். கைபேசி அழைக்கவே எழுந்து போனான்.

திருமணம் முடிந்து, சாமான் ஏற்ற வண்டி வந்தது. சுமைதூக்குபவர் வாசலில் நின்ற அவளிடம், "ரெண்டு கட்டிலும் ஏத்தணுமாம்மா?" என்று கேட்டார்.

"ஒண்ணுதான்" என்றான் தம்பி, உள்ளேயிருந்து.

கட்டில் வெளியே வர இடம் போதவில்லை. அவள் வாசலைவிட்டு ஒதுங்கி நின்றாள்.