தபிதாள் வைத்த பதினாறு எழுத்து

திருத்தணியில் எந்தப் பூட்டுக்கும் எண் வைக்கச் சொன்னால் பாதிப் பேர் 365 என்றுதான் வைப்பார்கள். மலைக்கு அத்தனை படி. சூட்கேஸ், வைஃபை, சைக்கிள் பூட்டு எல்லாவற்றுக்கும் முருகன்தான் காவல்.

கே.ஜி.கண்டிகையிலிருந்து பஸ் ஏறி வந்து, ஒரு தனியார் பள்ளி ஆபீஸில் பதினெட்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் பார்த்த தபிதாள் அப்படி வைக்கவில்லை. கேள்வித்தாள்களெல்லாம் அதில்தான் இருந்தன. தனக்குப் பிடித்த வேத வசனத்தில் வார்த்தைக்கு ஓர் எழுத்து, நடுநடுவே எண்ணும் குறியும் என்று பதினாறு எழுத்தில் பாஸ்வேர்டு வைத்திருந்தாள். எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை. இருக்கக் கூடாதா என்ன?

அவள் லீவில் இருந்த ஒரு நாள், தாளாளர் ராஜகோபால் கம்ப்யூட்டரைத் திறக்க முடியாமல் திணறிவிட்டார். மறுநாள் ஆபீஸில் எல்லோர் முன்னாலும் எகிறினார்.

"என் கம்ப்யூட்டரத் தொறக்க நான் உன்னக் கேட்டுகினு நிக்கணுமா? இங்க என்னா ராக்கெட்டா வுடறோம்? முருகன் 365-ன்னு மாத்தும்மா!"

"அது ஊருக்கே தெரியுங்க சார். கொஸ்டின் பேப்பர் இருக்குதுங்க."

"எவன் வந்து பாக்கப் போறான்? சொன்னதச் செய்."

மாற்றினாள். அவர் சொன்னதை எழுதி வாங்கிக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்கிற இடமா அது?

அரையாண்டுப் பரீட்சைக்கு முந்தின நாளே ஒன்பதாம் வகுப்புக் கணக்குத் தாள் வாட்ஸ்அப்பில் சுற்றியது. எவன் எடுத்தான் என்று யாரும் தேடவில்லை. பெற்றோர் வாசலில் கூடிவிட்டார்கள். ராஜகோபாலுக்கு உடனே ஓர் ஆள் வேண்டியிருந்தது. 'எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டு வைத்த அலட்சியத்துக்காக' என்று வேலைநீக்கக் கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல, தபிதாளே டைப் அடித்தாள். அங்கே டைப் தெரிந்தவள் அவள் ஒருத்திதானே.

பாதியில் அவள் விரல் நின்றது. "நீங்கதான சார் மாத்தச் சொன்னீங்க?"

"நான் எப்பம்மா சொன்னேன்?"

தபிதாள் திரும்பிப் பார்த்தாள். அன்றைக்குப் பக்கத்திலேயே நின்ற புஷ்பலதா டீச்சர் வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருஷம் ஒன்றாகச் சாப்பிட்டவள்.

கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ராஜகோபால் சொன்னார்: "போறதுக்கு முன்ன பழைய மாதிரி ஸ்ட்ராங்கா மாத்திட்டு, ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டுப் போம்மா."

தன் வசனத்தின் பதினாறு எழுத்தையும் எழுதிக் கொடுத்தாள். அவர் அந்தச் சீட்டை மானிட்டர் ஓரத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டினார். தபிதாள் சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு கண்டிகை பஸ்ஸுக்கு நடந்தாள்.