உப்புக்கறைமேல் ஊற்றிய ஆசிட்

கேளம்பாக்கத்தில் எங்கள் ஃபிளாட்டுக்குப் போர் தண்ணீர்தான். உறவினர்கள் வருகிறார்களே என்று குளியலறைத் தரையின் உப்புக்கறைமீது ஆசிட் ஊற்றி ஊறவிட்டேன். மனைவியிடம் சொல்லவில்லை. தரை வழுக்குகிறதென்று அவள் அதன்மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டாள்.

இருமல் கேட்டு ஓடினேன். இரண்டும் கலந்து கிளம்பிய குளோரின் நெடி மூக்கைச் சுட்டது. மூச்சுத் திணறிச் சுவரில் சாய்ந்திருந்தவளை வெளியே இழுத்தேன். குளியலறைக் கதவை மூடத் திரும்பியபோது, சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர் கத்தினார்: “மறுபடி உள்ள போவாத அண்ணாத்த! அண்ணிய மொட்டமாடிக்கு இட்டுகினு போ, காத்து படட்டும்!”

மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தார்கள். “ரெண்டையும் கலந்தது யாரு?” என்று டாக்டர் கேட்டார். ஆசிட் ஊற்றியதை அவளிடம் சொல்லாமல் விட்டது நான்தான் என்றேன்.

இப்போது நாங்கள் ஆசிட் வாங்குவதில்லை. எதை ஊற்றுவதானாலும் முதலில் சொல்லிக்கொள்கிறோம். கறை அப்படியேதான் இருக்கிறது. உறவினர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும்.