சாவியோடு ஆள் வர வேண்டும்

சாவியக்கா: பிறப்பு 1956, மறைவு 2022. தொழில், உளவியல் ஆய்வு. பணியிடம், பொது மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், சலவைத் துணி அடுக்கும் அறைக்கும் கால் ஒடிந்த நாற்காலிகள் கிடக்கும் அறைக்கும் இடைப்பட்ட ஓர் அறை. எனக்கு மைத்துனி, என் மனைவியின் தங்கை.

மனச்சோர்வு நோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்புகிறவர்களைத் தற்கொலையிலிருந்து காப்பது எப்படி என்பதே அவர் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த பொருள். பொருளின் கனம் ஆளிடம் கிடையாது. படியேறும்போதும் பேசுவார், மூச்சு வாங்கினால் கைகளால் பேசுவார். "துக்கம் கேக்கப் போன இடத்துலயும் இவளால ரெண்டு பேரு சிரிச்சுடுறாங்க" என்பது என் மனைவியின் தீராத புகார்.

அவருடைய ஆய்வின் அடிப்படை எளியது. செத்துவிட வேண்டும் என்னும் உந்துதல் அலையைப் போன்றது. உச்சத்தில் அது நெடுநேரம் நிற்பதில்லை. அந்த நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமல் இருந்தால் பலர் கரையேறி விடுவார்கள். ஆகவே வீட்டிலுள்ள மாத்திரைகளையெல்லாம் ஒரு தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார். சாவி வெளியாள் ஒருவரிடம் இருக்கும். அந்த ஆளை நோயாளியே தேர்ந்தெடுக்கலாம். அவர் காலையில் வந்து அன்றைய மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பூட்டிச் செல்ல வேண்டும்.

ஏட்டில் இது அழகாக இருந்தது. வீடுகளில் நடந்தது வேறு. ஒரு வீட்டில் பெட்டிக்குள் தொலைக்காட்சியின் ரிமோட் இருந்தது, மகனுக்குத் தேர்வாம். இன்னொரு வீட்டில் சர்க்கரை நோயுள்ள பாட்டனாருக்கு எட்டாதபடி பிஸ்கட் இருந்தது. "பெட்டி நல்ல பயன்பாட்டில் உள்ளது, நமக்கு அல்ல" என்று தம் அறிக்கையில் எழுதினார்.

ஒருநாள் ஆய்வுக்குப் போன இடத்தில், சாவிக்குப் பொறுப்பான மேல்மாடிப் பெண்மணி அதை நூலில் கட்டிக் கீழ்வீட்டு நோயாளியின் சன்னலுக்கு இறக்கிக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"மூட்டு வலிங்க. தினமும் யாரு இறங்கி ஏறுறது? சாவிதானே வேணும், போயிட்டு வரட்டும்."

சாவியக்கா அந்த நூலைப் பிடித்துச் சாவியை மேலேயே அனுப்பிவிட்டுப் படியேறினார். அன்று பிறந்தது அவருடைய விதி: சாவி தனியாக வரக் கூடாது, சாவியோடு ஆள் வர வேண்டும். பட்டப்பெயரும் அந்த விதியோடு ஒட்டிக்கொண்டது.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதிலும் மக்கள் அவரை வியக்கவைத்தார்கள். பல்லாண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லாத நாத்தனாரிடம் சாவியைக் கொடுக்கச் சொன்னார் ஒரு பெண். காரணம் கேட்டதற்கு, "என் தோழிங்க கேட்டதும் குடுத்துடுவாங்கக்கா. இவகிட்டக் கேட்டா, ஏன், எதுக்கு, இப்போ எதுக்குன்னு உயிரை எடுப்பா" என்றார். உயிரை எடுக்கும் கேள்வியே உயிரைக் காக்கும் என்று அன்று தெரிந்துகொண்டதாகச் சாவியக்கா சொல்வார்.

பெட்டிகளைச் செய்து கொடுத்தவர் மருத்துவமனைக்குப் பின்தெருவில் தகரக் கடை வைத்திருந்தவர். கீழே கடை, மேலே வீடு. முதல் சந்திப்பிலேயே இருவருக்கும் வாய்ச்சண்டை பொருந்திப் போயிற்று.

"டாக்டரம்மா, என்ன சீக்குக்கு இந்தப் பெட்டி?"

"நான் மருந்து எழுதுற டாக்டர் இல்லண்ணே. ஆராய்ச்சி டாக்டர்."

"அப்போ என்னதான் செய்வீங்க?"

"கேள்வி கேப்பேன்."

"இதுக்குப் படிப்பு வேறயா? என் வீட்டுக்காரி பள்ளிக்கூடத்தையே முடிக்கல. விடிஞ்சா கேள்விதான். குளிச்சீங்களா, சாப்டீங்களா, அந்தச் சட்டையை ஏன் போட்டீங்க..."

மாடியிலிருந்து குரல் வந்தது. "கேக்கலேன்னா ஒரே சட்டையில ஒரு மாசம் ஓட்டுவீங்க! விடாதீங்க டாக்டரம்மா, நல்லாக் கேளுங்க!"

அந்த அம்மாள் சில மாதங்கள் நோயுற்றிருந்து காலமானார். தெருவில் சுத்தியல் சத்தம் நின்றது. கடைக் கதவு இறங்கியது இறங்கியபடியே இருந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த மகள்தான் சாவியக்காவைக் கூப்பிட்டாள்.

மனைவியின் நாற்காலியில் அமர்ந்திருந்தார் பெட்டிக்காரர். சட்டை நேற்றையது அல்ல, போன வாரத்தது. சாவியக்கா அருகில் உட்கார்ந்தார். சற்று நேரம் எதுவும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததாக நான் கேள்விப்பட்டது அந்த ஒருமுறைதான். பிறகு நேராகக் கேட்டார்.

"அண்ணே, செத்துடலாம்னு தோணுதா?"

மகள் பதறிப்போனாள். "ஐயோ அக்கா, அதையெல்லாம் கேக்காதீங்க! இல்லாத நெனப்பு வந்துடப் போகுது!"

இந்த அச்சம் படித்தவர்களிடமும் உண்டு. கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. கேட்காமல் இருப்பதால் போவதும் இல்லை. பெட்டிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தோணுது. நீங்களாவது கேட்டீங்களே."

அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். சிகிச்சை தொடங்கியது. மறைந்த அம்மாளின் மிச்ச மருந்துகளைச் சாவியக்கா ஒன்று விடாமல் பையில் அள்ளி மருத்துவமனை மருந்தகத்தில் ஒப்படைத்தார். மறுநாள் மேசைமேல் ஒரு தகரப் பெட்டியை வைத்தார். கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். பெட்டிக்காரர் அதைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"நான் அடிச்ச கீல், நான் வெச்ச பூட்டு. கண்ணை மூடிக்கிட்டே திறப்பேன். என்கிட்டயே இதைக் கொண்டாந்து வெக்கிறீங்களே!"

"வீட்டுல இருந்து கிளம்பும்போதே தெரியும்ணே. அதனாலதான் உள்ள ரெண்டு நாள் மருந்துக்கு மேல வெக்க வேண்டாம்னு டாக்டர்கிட்டச் சொல்லிட்டேன். பூட்டை நம்பி நான் வரல. எப்பவாவது ஒரு மாதிரி ஆச்சுன்னா என்னைக் கூப்பிடுங்க. சாவியோட வரேன்."

"கூப்பிடலேன்னா?"

"காலையில வந்து சண்டை போடுவேன்."

சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று கேட்டபோது, "உங்ககிட்டயே இருக்கட்டும். கேள்வி கேக்குற ஆளு வேற யாரும் மிச்சமில்ல" என்றார்.

இது ஆய்வு விதிக்கு முரண். ஆய்வாளரே சாவியை வைத்திருந்தால், பயன் பெட்டியால் விளைந்ததா, ஆய்வாளரால் விளைந்ததா என்று பிரித்தறிய முடியாது. சாவியக்கா சாவியை வாங்கிக்கொண்டு, பெட்டிக்காரரை ஆய்விலிருந்து நீக்கிவிட்டார். பெட்டிகளைச் செய்த மனிதர் அந்த ஆய்வுக் கட்டுரையில் எங்கும் இல்லாமல் போனது இப்படித்தான்.

மகள் ஊர் திரும்பிய வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாவியக்கா எங்கள் வீட்டில் மதிய உணவுக்கு அமர்ந்திருந்தார். அவருடைய கைபேசி ஒலித்தது, பெட்டிக்காரர்.

"சாவி வேணும்."

காலை மருந்தை அன்று அவரே போய்க் கொடுத்துவிட்டு வந்திருந்தார். சாவிக்கு இப்போது தேவை இல்லை. கையைக்கூடக் கழுவாமல் எழுந்தார். "அக்கா, டாக்டரைக் கூப்பிட்டு அங்க வரச் சொல்லு. அத்தான், நீங்க என்கூட வாங்க. அண்ணே, போனை வெக்காதீங்க, தெருவுல நடந்துக்கிட்டே இருக்கேன், கேக்குதா?" என்று மூன்று பேரிடம் ஒரே மூச்சில் பேசினார். வழிநெடுக, எதிரே வந்த நாய் முதல் சாக்கடை மூடி வரை எல்லாவற்றையும் அந்தக் கைபேசிக்குள் வருணித்துக்கொண்டே ஓடினார். அவர் பேச்சு நின்றுவிடக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டது வாழ்வில் அன்றைக்கு மட்டும்தான்.

கதவு திறந்திருந்தது. பெட்டி மேசைமேல் பூட்டியபடி இருந்தது. பெட்டிக்காரர் இரு கைகளையும் அக்குளில் இறுக்கிக்கொண்டு அதன் முன்னே உட்கார்ந்திருந்தார்.

"திறக்கல" என்றார்.

"பார்த்தேன்."

"ஒரு நிமிஷ வேலை. கேட்டுட்டுத் திறக்கலாம்னு..."

"சாவியைப் போடட்டுமா?"

அவர் நெடுநேரம் பெட்டியையே பார்த்திருந்தார். "வேண்டாம். கேள்வி கேளுங்க."

"என்ன கேள்விண்ணே?"

"எதையாவது கேளுங்க."

சாவியக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். "இந்தச் சட்டையை ஏன் போட்டீங்க?"

பெட்டிக்காரர் குனிந்து தம் சட்டையைப் பார்த்தார். பார்வை அப்படியே சாவியக்காவின் கால்களில் விழுந்தது. ஒரு காலில் அவருடைய செருப்பு. மற்றதில் என் மனைவியுடையது.

"இதைக் கேக்குற ஆளு முதல்ல செருப்பை ஒழுங்கா போட்டுக்கிட்டு வரணும்" என்றார். சிரிப்பு போலத் தொடங்கியது, அழுகையாக முடிந்தது. மனைவி இறந்தபின் அவர் அழுதது அதுவே முதல் தடவை என்று மகள் பிற்பாடு சொன்னாள். மருத்துவர் வந்து சேரும்வரை சாவியக்கா கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார்.

அன்று மருத்துவமனையில் சேர்ந்து சில வாரங்கள் இருந்தார் பெட்டிக்காரர். மருந்தை மாற்றினார்கள். தேறுவதற்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. நடுவில் இருமுறை சறுக்கினார், இருமுறையும் கூப்பிட்டார். பிறகு ஒரு காலை நேரத்தில் பின்தெருவில் சுத்தியல் சத்தம் கேட்டது. அடுத்தடுத்த ஆண்டுகளில் நாலைந்து வீடுகளுக்கு அவரே சாவி வைத்திருந்தார். அளவுக்கு மீறிக் கேள்வி கேட்கிறார் என்று அவர்மேல் புகார் வந்தபோது, சாவியக்கா அந்தப் புகாரைப் பாராட்டுக் கடிதம்போல் எனக்குப் படித்துக் காட்டினார்.

மருந்து நின்றபின் பெட்டியில் பிஸ்கட் குடியேறியது. சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பெட்டிக்காரர் வாங்க மறுத்துவிட்டார். வாரந்தோறும் வியாழக்கிழமை மாலை தொலைபேசி ஒலிக்கும். "டாக்டரம்மா, சாவி வேணும்." தம் கையால் செய்த பூட்டு, திறக்கத் தெரியாதவர் அல்லர். ஓய்வு பெற்றபின்னும், முழங்கால் மறுத்தபின்னும், சாவியக்கா போய்த் திறந்தார். ஒருமுறை நான் இரக்கப்பட்டு, "சாவியை என்கிட்டக் கொடு, நான் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வரேன்" என்றேன்.

"மூணு தெரு ஜனமும் மனப்பாடமாச் சொல்லுற விதி அத்தான். உங்களுக்கு மட்டும் மண்டையில ஏறாதா?" என்று செருப்பை மாட்டிக்கொண்டார், இரண்டும் அவருடையவைதாம்.

அந்தச் சாவியோடு அவர் கடைசியாகப் பெட்டிக்காரர் வீட்டு மாடி ஏறியது 2022 பிப்ரவரி 17, வியாழக்கிழமை.