அந்தப் பச்சைக் கட்டம் டிசைன் இல்லை

உல்லன் நூலில் ஷூ ஒட்டுகிற சொல்யூஷன் வாடை அடித்தால் எப்படி இருக்கும் தெரியுமா? எனக்குத் தெரியும். இப்போதும் கண்ணை மூடினால் மூக்கில் ஏறுகிறது...

தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது வாக்கில் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் லைனில் இருந்தேன். எங்களோடு ரீட்டா என்று ஒருத்தி. இரண்டு பிள்ளை தங்காமல் போய், மூன்றாவதாக ஒரு பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அவளை விட்டால் லைனில் முப்பத்தாறு பேர். ஆளுக்கு உல்லன் நூலில் ஒரு குரோஷா கட்டம் பின்னுவது, எல்லாவற்றையும் இணைத்துக் குழந்தையின் ஞானஸ்நானத்துக்குப் போர்வையாகக் கொடுப்பது என்று பேசி முடித்தோம். ரோஸும் வெள்ளையும் மட்டும். வேறு கலர் கூடாது.

கம்பெனி பஸ்ஸில் போட்டார்கள், டீ டைமில் போட்டார்கள். ஒரு கட்டம் உள்ளங்கை அளவு, இன்னொன்று சாப்பாட்டுத் தட்டு அளவு! எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து இணைக்கிற வேலை என் தலையில். முனை மழுங்கின பெரிய ஊசியில், கண்ணுக்குக் கண் கோத்துக் கையால்தான் இணைக்க வேண்டும். முதல் வரிசை ஆறு கட்டம் முடித்தேன். போர்வையோடு கட்டுகிற அட்டையில் "ஜாயின் பண்ணது எஸ்தர்" என்று முன்கூட்டியே எழுதியும் வைத்தேன். அதற்குள் எனக்கு அம்மை போட்டுவிட்டது.

நான் வேப்பிலையோடு படுத்திருந்தபோது விமலா கட்டங்கள் இருந்த பையை எடுத்திருக்கிறாள். எனக்கு அடுத்த மெஷின் அவளுடையது. என் தோஸ்த் என்றுதான் நினைத்திருந்தேன். மீதி முப்பது கட்டத்தையும் லஞ்ச் நேரத்தில் மெஷினில் விட்டு, சர்ரென்று அடித்து முடித்துவிட்டாள். கோடு போட்ட மாதிரி தையலாம், எல்லோரும் கை தட்டினார்களாம். சத்துவாச்சாரியில் ரீட்டா வீட்டுக்குப் போய்க் கொடுத்தும் விட்டார்கள். என் அட்டையை மட்டும் யாரும் மாற்றவில்லை.

அம்மை இறங்கி நான் வேலைக்குத் திரும்பியிருந்தேன். ஞானஸ்நானத்துக்கு முதல் நாள், சனிக்கிழமை காலை, பக்கத்து வீட்டு போனில் ரீட்டா அழுதாள். நானும் விமலாவும் லீவு சொல்லிவிட்டு ஓடினோம். போர்வையை ஒரு முறை அலசிக் காயப் போட்டிருக்கிறாள். கொடியில் தொங்குகிறது... கட்டத்துக்குக் கட்டம் வாயைப் பிளந்துகொண்டு. நான் கையால் இணைத்த முதல் வரிசை மட்டும் அப்படியே இருந்தது.

தையலைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. தோல் தைக்கிற ஊசி. அதன் முனை கத்தி மாதிரி இருக்கும், தோலை வெட்டிக்கொண்டுதான் இறங்கும். ஒவ்வொரு தையலுக்கும் உல்லன் இழையை வெட்டி வைத்திருக்கிறது. தோல் தைத்தே பழகின கைக்கு ஊசியை மாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. விமலாவுக்கும் புரிந்துவிட்டது. முகம் வெளுத்துப் போயிற்று.

அப்போதுதான் ரீட்டாவின் மாமியார் அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். "கைராசி இல்லாதவ கையில குடுத்தா இப்டித்தான் பிரிஞ்சி வரும். புள்ளைக்கு இத போத்தாத."

எனக்கு இருபத்தொன்பது வயது. இரண்டு வரன் நிச்சயம் வரைக்கும் வந்து நின்றுபோயிருந்தது. அந்த வார்த்தை எதைச் சொல்கிறது என்று அந்த வீட்டில் தெரியாத ஆள் இல்லை.

விமலா சொல்லுவாள் என்று பார்த்தேன். "ஆன்ட்டி, தச்சது நான்" என்று மூன்று வார்த்தை. வாயில் கொழுக்கட்டையா? காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி தப்பு யாருக்கும் வரும், அதை நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேன். அந்த மௌனம் இருக்கிறதே, அதை இன்றுவரைக்கும் முடியவில்லை. நானே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லத்தான் வாயெடுத்தேன். ரீட்டா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எஸ்தரு, நாளைக்கு இத போத்திதான் கோயிலுக்கு தூக்கினு போவணும்டி. எப்டியாச்சும் பண்ணு."

அதற்கு மேல் சண்டை எங்கே போடுவது? அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். விமலா தலைவலி என்று பஸ் ஏறிப் போய்விட்டாள். வெட்டுப்பட்ட ஓரங்களைப் பிரித்து, மீதியிருந்த வெள்ளை நூலில் சுற்றிலும் புதுசாக ஒரு சுற்று போட்டு, ஒவ்வொன்றாக இணைத்தேன். அம்மைப் புண் விரலில் இன்னும் ஆறவில்லை, நூல் பட்ட இடமெல்லாம் எரிந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு முப்பத்தைந்து கட்டம் சேர்ந்தது. ஒன்று மட்டும் தேறவில்லை, வெள்ளை நூலும் தீர்ந்துவிட்டது. ரீட்டா வீட்டில் ஸ்வெட்டருக்கு வாங்கி மீந்த கிளிப்பச்சை ஓர் உருண்டை இருந்தது. அதில் ஒரு கட்டம் போட்டு மூலையில் வைத்தேன்.

மறுநாள் குழந்தை அதைப் போர்த்திக்கொண்டு சொகுசாகத் தூங்கினாள். மாமியார் "பரவால்லியே" என்றார். அவ்வளவுதான். கைராசி என்ற பேச்சைத் திரும்ப வாங்கவில்லை.

கம்பெனியை விட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. அன்றைக்குப் பஸ் குலுங்கக் குலுங்க முப்பத்தாறு பேர் ஒரு போர்வைக்குச் சேர்ந்தோம். இன்றைக்கு அதே ஆட்கள் வாட்ஸ்அப் குரூப்பில் காலை வணக்கம் மட்டும் போட்டுக்கொள்கிறோம். போன வாரம் ரீட்டாவின் பெண் அவள் அம்மா போனிலிருந்து அதில் அந்தப் போர்வையின் போட்டோவைப் போட்டாள். அவள் குழந்தை இப்போது அதில் படுத்திருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குள் விமலா முந்திக்கொண்டாள்.

"லஞ்ச் டைம்ல என் மெஷின்ல ஜாயின் பண்ணது பாப்பா. இன்னிக்கும் ஒரு தையல் பிரியல பாரு."

அந்தப் பெண் கேட்டாள், "ஒரு கட்டம் மட்டும் ஏன் ஆன்ட்டி பச்சை? சின்ன வயசுல அத புடிச்சினுதான் தூங்குவேன்."

"அது டிசைன்மா."

டிசைனாம்!

நானும் டைப் அடித்தேன். "டிசைன் இல்ல பாப்பா. வெள்ளை நூல் தீந்துபோச்சு. அத போட்டது நான். ஏன் போட்டேன்னு விமலா ஆன்ட்டிய கேளு."

எல்லோரும் பார்த்ததற்கு நீல டிக் விழுந்து நாலு நாள் ஆகிறது. விமலா இன்னும் வாயைத் திறக்கவில்லை.