கோடு போட்ட விரிப்பு

கேமராக்காரி என்றால் அந்தத் தொழிற்சாலையில் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். இயந்திரக் கைகளுக்குக் கண் வைப்பது அவள் வேலை. பொறாமைக் கண் அல்ல, பார்க்கிற கண். ஒரு கம்பத்தில் இரண்டு கேமராக்களை அருகருகே பொருத்துவாள். இரண்டும் பார்ப்பதை ஒப்பிட்டுத்தான், பொருள் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கை தெரிந்துகொள்ளும். அவள் கண் வைத்த கை, பறக்கிற ஈயின் மீசையை வலிக்காமல் பிடுங்கும் என்பார்கள். வலித்ததா இல்லையா என்று ஈயைத்தான் கேட்க வேண்டும்.

கல்யாணத்துக்கு அப்புறம் படித்து அந்த வேலைக்கு வந்தவள். "அண்ணி போகட்டும், சமையலை நான் பார்த்துக்கறேன்" என்று வீட்டில் மல்லுக்கட்டி அனுப்பியவள் நாத்தனார்தான். பிறகு நாத்தனாரும் அங்கேயே துப்புரவு வேலைக்குச் சேர்ந்தாள். வாய் மட்டும் இரண்டு ஆளுக்கு.

"அண்ணி, உங்க ரோபோவுக்கும் ரெண்டு கண்ணு, எங்க அண்ணனுக்கும் ரெண்டு கண்ணு. அவருக்கு மட்டும் மூக்குக்கு முன்னால இருக்கிற சாவி ஏன் தெரிய மாட்டேங்குது?"

"உங்க அண்ணனைச் சரி பண்ற கருவி இன்னும் வரலடி. நீ கம்பத்துப் பக்கம் துடைப்பத்தோட வராதே. மயிரிழை நகர்ந்தாலும் என் பொழப்பு போச்சு."

முதலாளி பார்வையிட வந்த அன்று, வெள்ளை மூடிகளை எடுக்க வேண்டிய கை விர்ரென்று இறங்கி, மூடியைத் தட்டோடு சேர்த்து நசுக்கியது. முதலாளியின் சட்டைப் பைக்குள்ளேயே சில்லு தெறித்தது. கேமராக்காரிக்கு முகம் செத்துப்போயிற்று. திரும்பினால், கம்பத்தருகே நாத்தனார், துடைப்பமும் கையுமாக.

"கம்பத்தை இடிச்சது நீதானே?"

"ஐயோ, நான் தொடவே இல்ல அண்ணி!"

"பொய் சொல்லாதே. உன்னால என் மானமே போச்சு."

மேற்பார்வையாளருக்கு அது போதும். நாத்தனாரின் சீட்டு அப்போதே கிழிந்தது.

அப்புறம் அளந்து பார்த்தால், கம்பம் இம்மியும் நகரவில்லை. பிறகுதான் தட்டைப் பார்த்தாள். முதலாளி வருகிறாரே, பளிச்சென்று இருக்கட்டும் என்று காலையில் அவளே அதில் விரித்த ரப்பர் விரிப்பு. நெருக்கமாக, அச்சு அசலாக ஒரே மாதிரிக் கோடுகள். இடது கேமரா ஒரு கோட்டைப் பார்க்க, வலது கேமரா பக்கத்துக் கோட்டை அதுதான் என்று நம்பிவிட்டது. தட்டு பள்ளத்தில் கிடக்கிறது என்று கணக்குப் போட்டுக் கை பாய்ந்திருக்கிறது.

மேற்பார்வையாளரிடம் ஓடி உண்மையைச் சொன்னாள். அவரும் நாத்தனாரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தார். வீட்டுக்கு வந்தால், நாத்தனார் துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வெளியூரில் தோழியோடு தங்கி வேலை தேடப் போகிறாளாம்.

"தப்பு என்மேலதான்டி. அந்த விரிப்பைப் போட்டதே நான். உன்னை வரச் சொல்லிட்டார்."

"வேலை எங்கேயும் கிடைக்கும், அண்ணி."

"ஏதோ ஆத்திரத்துல கேட்டுட்டேன்..."

"நீங்க எங்க கேட்டீங்க? தீர்ப்புல்ல சொன்னீங்க."

பையின் ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. அதையாவது இழுத்துக் கொடுக்கலாம் என்று கேமராக்காரி குனிந்தாள்.

"பரவால்லைங்க, நானே பார்த்துக்கறேன்" என்றாள் நாத்தனார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.